பனி பெய்யவும் வாய்ப்பு உண்டு

நார்மன் பியர்ட்டுக்கு வானிலை சொல்லத் தெரியும் என்று எங்கள் பள்ளத்தாக்கில் ஒருத்தரும் வாய்விட்டு ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் தபால் கடைக் கண்ணாடியில் அவர் ஒட்டும் காகிதத்தைப் படிக்காமல் ஒருத்தரும் வீட்டுக்குப் போனதும் இல்லை. ரொட்டி வாங்க வந்ததுபோல வந்து, பராக்குப் பார்ப்பதுபோல நின்று படித்துவிட்டு, "இந்த ஆளுக்கு வேற வேலையே இல்ல" என்று சொல்லிக்கொண்டே போய்க் கொடியில் காயும் துணியை எடுத்து உள்ளே போடுவார்கள். எங்கள் ஊர்க்காரர்களின் நன்றி அவ்வளவுதான். அதற்கு மேல் எதிர்பார்க்கிறவன் தெற்கே போய்ப் பிறந்திருக்க வேண்டும்.

முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர் அவர். பெரிய பள்ளிக்கூடம் எங்களிடம் கிடையாது. பிள்ளைகள் மலைமேட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். எண்பத்தாறாம் வருஷம் பிப்ரவரியில் ஒரு நாள், வானொலியில் 'மாறக்கூடிய வானிலை, லேசான தூறல்' என்று சொன்னதை நம்பிப் பதினான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மேடேறினார். உச்சியில் பனி அடைத்துக்கொண்டது. பனி ஒதுக்கும் கலப்பை கட்டிய டிராக்டர் வந்து சேர ஐந்து மணி நேரம் ஆயிற்று. தன்னுடைய மதியச் சாப்பாட்டு சாண்ட்விச்சைப் பதினான்காகக் கிள்ளிக் கொடுத்து, அவர்களை விடாமல் பாடவைத்து, கால்களை உதைக்கவைத்து, எல்லாரையும் முழுசாகக் கொண்டுவந்து வீட்டில் விட்டார். வீட்டுக்கு வந்தவர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் தபாலில் ஒரு வெப்பமானிக்கு எழுதிப் போட்டார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பின்கட்டில் வெப்பமானிக்கென்று நாலு கால் வைத்த வெள்ளை மரப்பெட்டி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அதைத் தேன்கூட்டுப் பெட்டி என்று நினைத்து ஒரு வருஷம் தேனுக்குக் காத்திருந்தார். மழை அளக்கும் செம்புக் குவளை வந்தது, காற்றுக்காட்டி வந்தது, பிற்பாடு கம்ப்யூட்டரும் வந்தது. தினம் காலை ஒன்பது மணிக்குப் பெட்டியைத் திறந்து பார்த்து நோட்டில் எழுதுவார். கோடையில் தேசம் முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கும்; இவர் மட்டும் பத்து மணிக்குப் போய்த் திறப்பார். பார்லிமென்ட் சட்டம் போட்டால் சூரியன் கேட்குமா என்பார். அவருடைய மனைவி ஊனா, இருபது வருஷம் 'குட் மார்னிங்'குக்கு முன்னால் காற்றின் திசையைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, கடற்கரை ஊரில் இருந்த தன் அக்காவோடு போய்த் தங்கிவிட்டாள். அந்த ஊரிலும் காற்றுதான், ஆனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்று கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதினாள்.

நார்மன் எழுதும் விதம் ஒன்று உண்டு. வளவளப்பு கிடையாது. 'புதன் மதியத்துக்கு மேல் மழை. துணி காயாது.' 'வெள்ளி இரவு உறைபனி. தண்ணீர்க் குழாயில் துணி சுற்றி வையுங்கள்.' இவ்வளவுதான். 'மாறக்கூடிய' என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு முகம் கடுத்துவிடும். "எங்க ஊர்ல மாறாத வானிலை எது? அதச் சொல்லவா ஒரு ஆளு, அதுக்கு ஒரு சம்பளம்?" என்பார். ஐந்துக்கு நாலு சரியாக வரும். தப்பிப் போகிற அந்த ஒன்றைத்தான் ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும்.

அந்தக் காகிதத்தை மனதார நம்பியது ஒரே ஆள். அவருடைய தங்கை ஹில்டா. மேட்டின் அடியில் கடைசிப் பண்ணை அவளுடையது, குத்தகைக்கு எடுத்தது. புருஷன் ஐந்து வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டான். இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டைச் செம்மறியாடுகளையும் மெக் என்கிற நாயையும் வைத்துக்கொண்டு தனியாகவே பண்ணையை ஓட்டினாள். யாராவது அண்ணனைக் கிண்டல் செய்தால், "எங்க நார்மன் சொன்னா சொன்னதுதான்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

மேட்டில் வேலி கிடையாது. ஆயிரக்கணக்கான ஏக்கர் திறந்து கிடக்கிறது. ஆனாலும் ஹில்டாவின் ஆடுகள் ஹில்டாவின் பக்கத்தை விட்டு நகராது. எந்த ஓடை வரை தன் இடம், எந்தப் பாறைக்குப் பின்னால் காற்று அடிக்காது என்பதெல்லாம் தாய் ஆட்டிடமிருந்து குட்டி கற்றுக்கொள்வது. சந்தையில் இருநூறு ஆடு வாங்கலாம்; அந்த மேடு தெரிந்த ஓர் ஆட்டைக்கூட வாங்க முடியாது. கொண்டுவந்து விட்டால் மறுநாளே நாலு பள்ளத்தாக்குக்கும் சிதறிப் போய்விடும். அதனால் எங்கள் பக்கத்தில் பண்ணை கைமாறினால் மந்தையும் சேர்ந்தே கைமாறும். மந்தை போனால் பண்ணையும் போன மாதிரிதான்.

நான் சொல்ல வந்த வருஷம், ஜனவரி இரண்டாம் வாரத்தில் நார்மன் ஒரு காகிதம் ஒட்டினார். 'புதன்கிழமை கனத்த பனி. காற்று கிழக்கு. மேட்டில் ஆடு வைத்திருப்பவர்கள் செவ்வாய்க்குள் இறக்கிவிடுங்கள்.' ஹில்டா இறக்கினாள். ஆடு இறக்குவது ஏதோ கைதட்டிக் கூப்பிடுகிற காரியமல்ல. விடிந்ததிலிருந்து அக்கம்பக்கத்துப் பண்ணையாட்கள் நாலு பேர், நாய்களோடு, மேடு முழுக்க நடந்து வளைத்துக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தார்கள். புதன்கிழமை காற்று தென்மேற்குக்குத் திரும்பி, நசநசவென்று தூறியது. நார்மன் விடவில்லை. நாளைக்கு வரும், நாளை மறுநாள் கட்டாயம் வரும் என்றார். ஒன்பது நாள் அந்த இருநூற்றுச் சொச்சமும் வீட்டு வயலில் நின்று, மார்ச்சுக்கென்று வைத்திருந்த உலர்புல்லைத் தின்று, வயலைச் சேறாக்கி வைத்தன. சேற்றில் நின்று பதினோரு ஆடுகள் குளம்பு புண்ணாகி நொண்டின. பத்தாம் நாள் மறுபடி மேட்டுக்கு ஓட்டிவிட்டார்கள்.

ஊர் விடுமா? யாரோ காகிதத்தின் மேல் பஞ்சை ஒட்டிவைத்தார்கள். தபால் கடைப் பெரில், பனி அள்ளவென்று வாங்கி விற்காமல் கிடந்த மண்வெட்டிகளுக்கு 'நார்மன் தள்ளுபடி' என்று அட்டை தொங்கவிட்டாள். டிராக்டர் பழுது பார்க்கும் ஸ்டூ எமர்சன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதுக்கடைக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பனிச்சறுக்கு வண்டி ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தான்.

"நார்மன், இத எங்க நிறுத்தறது? வெளிய விட்டா பனியில புதைஞ்சிருமே."

"என் தலையில நிறுத்து" என்றார் நார்மன், சிரித்துக்கொண்டுதான்.

"அதுதான் வேணாங்கறேன். அங்க தாழ்வழுத்தம் இருக்கு."

கடையே உருண்டு புரண்டு சிரித்தது. அந்த ஸ்டூ, எண்பத்தாறில் பேருந்துக்குள் சாண்ட்விச்சில் பதினான்கில் ஒரு துண்டு தின்று பாட்டுப் பாடிய பிள்ளைகளில் ஒருவன். அதை யாரும் அன்றைக்கு எடுத்துச் சொல்லவில்லை, நான் உட்பட. நார்மன் குவளையைக் காலி செய்துவிட்டு எழுந்து போனார். பிறகு மூன்று வாரம் மதுக்கடைப் பக்கம் வரவில்லை. ஹில்டா மட்டும் அவர் வீட்டுக்கு வந்து, "விடு, நார்மன். நீ காகிதம் ஒட்டுனது காத்துக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, ஒரு டஜன் முட்டையை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். புல் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிப்ரவரி மூன்றாம் வாரம், வியாழக்கிழமை. காலையில் பெட்டியைத் திறந்த நார்மன் வெகுநேரம் மூடவில்லை. காற்றில் ஈரமே இல்லாமல் வறண்டு கிடந்தது. தரை நாலு நாளாக உறைந்திருந்தது. காற்றுக்காட்டி மெல்ல மெல்லத் தென்கிழக்கிலிருந்து கிழக்குக்கு நகர்ந்துகொண்டிருந்தது. உள்ளே வந்து கம்ப்யூட்டரில் படங்களை விரித்தார். அட்லாண்டிக்கிலிருந்து மழை வருகிறது என்று வானிலைக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். உயரமான இடங்களில் கொஞ்சம் பனி என்றார்கள். ஆனால் மழையைக் கொண்டுவரும் அந்தக் காற்றழுத்தத் தாழ்வு அவர்கள் சொன்ன வழியில் வரவில்லை. மணிக்கு மணி தெற்கே சரிந்துகொண்டிருந்தது. அது தெற்கே போனால் வடக்கு ஓரத்தில் நாங்கள். கிழக்கிலிருந்து வரும் குளிர் மேல் அத்தனை மழையும் வந்து விழும், பனியாக. இருபத்தேழு வருஷத்தில் எதையும் இவ்வளவு தெளிவாக அவர் பார்த்ததில்லை. ஜனவரியில் அவருக்கு இருந்தது ஆசை கலந்த ஊகம். இது அப்படியல்ல, இது தெரிந்த விஷயம்.

காகிதத்தை எடுத்து எழுதினார். 'சனி மதியம் இரண்டு மணிக்குள் கனத்த பனி தொடங்கும். கிழக்குக் காற்று, கடுமை. திங்கள் வரை நிற்காது. ஆடுகளைச் சனி காலைக்குள் இறக்கிவிடுங்கள்.'

எழுதியதைத் திரும்பப் படித்தார். படிக்கும்போதே கறுப்புக் கண்ணாடியும் கயிற்றில் இழுபட்டு வந்த வண்டியும் கண்ணில் வந்து நின்றன. கடை முழுக்கச் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. அறுபத்தைந்து வயசு மனுஷனுக்கு முகம் சிவந்தது, தனியாக இருக்கும் சமையலறையில். காகிதத்தைக் கவிழ்த்துப் போட்டார். தேநீர் போட்டுக் குடித்தார். பிறகு இன்னொரு தாளை எடுத்து எழுதினார்.

'மாறக்கூடிய வானிலை. சனி, ஞாயிறு மழை. மேட்டில் பனி பெய்யவும் வாய்ப்பு உண்டு.'

என்ன அருமையான வாக்கியம் பாருங்கள். மழை பெய்தால் சரி. பனி பெய்தால் சரி. இரண்டும் இல்லாமல் வெயில் அடித்தாலும், வாய்ப்பு என்றுதானே சொன்னேன் என்று கையை விரித்துக்கொள்ளலாம். அதை எழுதியவன் எந்தக் காலத்திலும் தோற்க மாட்டான். அதனால்தான் உலகத்தில் அத்தனை பேர் அதை எழுதுகிறார்கள். நார்மன் அதுவரை எழுதாமல் இருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் கண்ணாடியில் ஒட்டும்போது பெரில் உள்ளேயிருந்தே எட்டிப் பார்த்தாள்.

"என்ன நார்மன், ரேடியோவுல வேல கெடைச்சிருச்சா?"

அவர் நடையைக் கட்டினார். வீட்டுக்குப் போய் அரை மணி ஆகவில்லை, ஹில்டாவின் வண்டி வந்து நின்றது. பூட்ஸைக் கழற்றாமல் சமையலறை வாசல் மிதியடி மேலேயே நின்றாள்.

"நாளைக்குக் காலையில ஆட்ட இறக்கவா, வேணாமா?"

"காகிதத்துல எழுதியிருக்கேனே."

"ரெண்டு தடவ படிச்சேன். அதுல ஒண்ணுமே இல்ல."

"மாறிக்கிட்டே இருக்கு, ஹில்டா. தாழ்வு கொஞ்சம் வடக்க போயிருச்சுன்னா வெறும் மழைதான்."

"போகுமா?"

"போகலாம்."

ஹில்டா தொப்பியைக் கழற்றினாள். "இங்க பாரு. புல்லு மூணு வாரத்துக்குத்தான் கெடக்கு. சும்மா இறக்கி வெச்சுத் தின்னக் குடுத்தேன்னா, மார்ச்சுல வயித்துல குட்டியோட நிக்கறதுக வாயில வெக்க ஒண்ணும் இருக்காது. ஆளுகளையும் திரும்பக் கூப்பிடணும். போன தடவையே மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சிக்கிட்டாங்க. இறக்காம விட்டுப் பனி வந்துச்சுன்னா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். அதனால உறுதியாச் சொல்லுன்னு கேக்கல. உன் மனசுல என்ன படுது? அத மட்டும் சொல்லு."

மனதில் பட்டது மேஜையில் தேநீர்க் கெண்டிக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது, அவர் கைக்கெட்டும் தூரத்தில். வாயைத் திறந்தார்.

"ரெண்டு பக்கமும் சமமாத்தான் இருக்கு" என்றார்.

"சரி. அப்ப மேலயே இருக்கட்டும்" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். குளிரில் வண்டி ஐந்தாறு தடவை இருமிவிட்டுத்தான் கிளம்பியது. அவ்வளவு நேரமும் நார்மன் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றார். கதவைத் திறந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

சனிக்கிழமை ஒன்று நாற்பதுக்கு முதல் பனி விழுந்தது. இரண்டுக்குள் என்று அவர் எழுதியது பிசகவில்லை. பதறிப்போய்ப் பண்ணைக்கு ஃபோன் செய்தார். யாரும் எடுக்கவில்லை. வானம் இருண்டதைப் பார்த்ததுமே ஹில்டா மெக்கைக் கூட்டிக்கொண்டு தனியாக மேடேறியிருந்தாள். நாலு மணிக்கு முன்னால் முப்பத்தெட்டு ஆடுகளோடு இறங்கி வந்தாள். கண்ணிமையில் பனி உறைந்து ஒரு கண் மூடியே இருந்தது. மறுபடி ஏறப் போனவளைப் பக்கத்துப் பண்ணைக்காரர்தான் கையைப் பிடித்து உள்ளே தள்ளினார்.

ஞாயிறு முழுக்க அடித்தது. பாதை போய்விட்டது, மின்சாரம் போய்விட்டது. அன்று காலை ஒன்பது மணிக்கு நார்மன் இடுப்பளவு பனியில் பின்கட்டுக்கு வழி வெட்டிக்கொண்டு போய், காற்று குவிக்காத இடமாகப் பார்த்து அளவுகோலை ஊன்றினார். நாற்பத்தொரு சென்டிமீட்டர். நோட்டில் எழுதினார். எப்படி மனசு வந்தது என்று கேட்காதீர்கள். அவருக்கே தெரியவில்லை.

பனிப்புயலில் ஆடு கல்சுவரின் காற்றுப்படாத பக்கத்தில்தான் போய் ஒதுங்கும். அந்தப் பக்கம்தான் பனி வந்து குவியும். திங்கட்கிழமை மதியம் ஊரே மண்வெட்டியோடு மேடேறியபோது, சுவர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நீளக் கம்புகளைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு போனோம். மிருதுவாகத் தட்டினால் ஆடு. மெக் மோப்பம் பிடித்து நின்ற இடங்களில் தோண்டினோம். உயிரோடு இருப்பதன் மூச்சுக்காற்று பனியில் மஞ்சளாக ஒரு சின்ன ஓட்டை போட்டிருக்கும். அந்த மஞ்சளைத் தேடித் தேடிக் கண் எரிந்தது. ஓட்டை அதிகம் இல்லை.

மூன்று நாள் தோண்டினோம். எல்லாரையும்விட வெறியாகத் தோண்டியவன் ஸ்டூ. நூற்று எழுபத்துநாலில் உயிரோடு வெளியே வந்தவை இருபத்தொன்பது. பிணமாக நூற்று முப்பத்தொன்று. மிச்சம் பதினாலு, ஏப்ரலில் பனி உருகியபோது ஓடைக்குள் தெரிந்தன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் குட்டி. ஹில்டா ஒவ்வொரு ஆட்டின் முகத்தையும் கையால் துடைத்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் அடையாளம் தெரியும் அவளுக்கு. அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டாம் நாள் இடைவேளையில், பேக்கன் வைத்த ரொட்டியை நீட்டிக்கொண்டே ஸ்டூ நார்மனின் தோளில் தட்டினான்.

"உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும் நார்மன். நீங்க சரியாத்தான் சொல்லியிருந்தீங்க. வாய்ப்பு உண்டுன்னு எழுதியே போட்டிருந்தீங்க. நாங்கதான் மண்டையில ஏத்திக்கல."

நார்மன் அந்த ரொட்டியை மெக்குக்குப் போட்டார். பெரில் அந்தக் காகிதத்தைக் கிழிக்காமல் இரண்டு வாரம் வைத்திருந்தாள், ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு 'சரி' போட்டு. மதுக்கடையில் அவருக்கு யார் வாங்கிக் கொடுப்பது என்று போட்டி. முப்பது வருஷமாகக் கிடைக்காத மரியாதை ஒட்டுமொத்தமாக வந்து சேர்ந்தது. ஒவ்வொருத்தராகக் கையைக் குலுக்கும்போது, மனுஷன் செருப்படி வாங்குவதுபோல நின்றார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயெடுத்தார். ஒவ்வொரு தடவையும் எதிரில் நிற்பவரின் முகத்தில் இருந்த அன்பைப் பார்த்து மென்று விழுங்கினார்.

மிஞ்சிய அறுபத்தேழு ஆடுகளால் அந்த மேட்டைப் பிடித்து வைக்க முடியாது. பக்கத்து மந்தைகள் காலி இடத்தில் பரவத் தொடங்கிவிட்டன. மே மாசம் குத்தகையை விட்டுவிடுவதாக ஹில்டா நில உடைமைக்காரருக்கு எழுதிப் போட்டாள். கீழே ஊரில், பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு பார்த்திருந்தாள். நாய் வைத்துக்கொள்ள அங்கே அனுமதி இல்லை.

சந்தை லாரி வந்த அன்று நார்மன் ஏற்றிவிட உதவிக்குப் போனார். அறுபத்தேழும், பிழைத்துப் பிறந்த கொஞ்சம் குட்டிகளும் ஏறின. லாரி வளைவில் மறைந்தது. ஹில்டா ரப்பர் குழாயில் தண்ணீரைத் திறந்துவிட்டு, காலியான தொழுவத்தின் தரையைக் கழுவத் தொடங்கினாள். இனிமேல் அதற்குத் தேவையே இல்லை, இருந்தாலும் கழுவினாள். நார்மன் கதவோரம் நின்றார்.

"ஹில்டா. அந்த வெள்ளிக்கிழம எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"பனி வரும்னு. எத்தன மணிக்குன்னு கூடத் தெரியும். எழுதியும் வெச்சிருந்தேன். நீ நின்ன எடத்துக்குப் பக்கத்துலதான் கெடந்துச்சு."

அவள் தண்ணீரை நிறுத்தவில்லை. தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"ஏன் சொல்லல?"

"சிரிப்பாங்கன்னு."

"நான் சிரிச்சேனா?"

"இல்ல."

ஹில்டா குழாயைக் கீழே வைத்தாள். சண்டைபோடும் குரலாக இல்லாமல், களைத்த குரலில் பேசினாள்.

"நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்னு சொன்னா உனக்குக் கொஞ்சம் லேசா இருக்கும். அதச் சொல்லலாம்னுதான் பாத்தேன். வரல, நார்மன். நீ சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன். கேக்கத்தான வந்தேன்."

நார்மன் தலையை ஆட்டினார். அவள் குனிந்து குழாயை எடுத்து, மிச்சத் தரையையும் கழுவி முடித்தாள்.